பின் இருக்கையில் 18.4 கிலோ

இது நடந்தது.

சரக்கு விற்கிற இடத்தில் வளர்ந்தவர்களுக்கு எதையும் கொஞ்சம் ஏற்றிச் சொல்லியே பழக்கம். ஒன்றை ஒன்றரை ஆக்காமல் வாய் மூடாது. ஆனால் இந்த விஷயத்தில் ஒரு இம்மி கூட்டவில்லை, குறைக்கவில்லை. சம்பந்தப்பட்ட ஆள் இன்னும் இருக்கிறார். அவருடைய நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பென்சிலால் எழுதிய நேரங்கள் அதில் அழியாமல் இருக்கின்றன. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அடுத்த தடவை மதியம் இரண்டு மணிக்கு, வெயிலில் நிற்கிற ஒரு காரைத் தாண்டிப் போகும்போது, பின் கண்ணாடியை எட்டிப் பார்க்காமல் போக முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பேய் என்றால் ராத்திரி வேண்டும், பாழடைந்த வீடு வேண்டும், எப்போதோ செத்துப்போன ஒருவர் வேண்டும். இங்கே அது ஒன்றும் கிடையாது. பட்டப்பகல். புத்தம் புதிய கார். கடைக்குக்கூட வராத கார். அதில் யாரும் சாகவில்லை. சாவதற்கு முதலில் யாராவது அதில் உட்கார வேண்டுமே! யாரும் உட்காரவே இல்லை.

அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

அந்தக் காரைச் செய்த கம்பெனியில் அந்த நோட்டுக்காரர்தான் சோதனைப் பொறியாளர். ஒரு வண்டி விற்பனைக்கு வருவதற்கு முன்னால் நாலைந்து வண்டிகளை மாதிரிக்குச் செய்வார்கள். அவற்றை இவரிடம் கொடுப்பார்கள். இவர் அவற்றைக் குளிரில் உறைய வைப்பார், வெயிலில் வாட்டுவார், தண்ணீரில் முக்குவார், குண்டும் குழியுமான தடத்தில் ஓட்டி உலுக்குவார். வாங்குகிறவர் பத்து வருடம் படுத்துகிற பாட்டை இவர் பத்தே மாதத்தில் படுத்திவிடுவார். எது உடைந்தாலும், எது உடையாவிட்டாலும் அவர் வாயில் வருவது ஒரே வார்த்தைதான். “மறுபடி பார்ப்போம்.” அதனால் அவருக்குப் பெயரே மறுபடி சார் என்று ஆகிவிட்டது.

வீட்டிலும் அப்படித்தான். பிரிட்ஜ் கதவை மூன்று தடவை சாத்துவார். வாசல் தாழ்ப்பாளை நாலு தடவை இழுத்துப் பார்ப்பார். அவர் மனைவி ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

“ஏங்க, எல்லாத்தையும் மறுபடி மறுபடி பாக்கறீங்க. கல்யாணத்தை மட்டும் ஏன் ஒரு தடவையோட விட்டுட்டீங்க?”

“மறுபடி ஒண்ணு உடம்பு தாங்காது.”

“அந்தப் புத்தி இருக்குல்ல, அது போதும்.”

அப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் மறுபடி பார்க்காமல் விட்டார். கதை அதுதான்.

எல்லாம் ஒரு பேரத்தில் ஆரம்பித்தது.

புதிய சின்னக் கார். குடும்பங்களுக்கென்று செய்தது. வெளியீட்டுத் தேதி குறித்தாகிவிட்டது. மண்டபம் பேசியாகிவிட்டது. விளம்பரம் அச்சில் இருந்தது. பாக்கி இருந்தது ஒன்றுதான்: வெயில் சோதனை. காரை எல்லாக் கண்ணாடியும் ஏற்றி, பூட்டி, வெட்டவெளியில் காயவிட வேண்டும். தினம் ஆறு மணி நேரம். உள்ளே எது வளைகிறது, எது இளகுகிறது, எது பிசுபிசுக்கிறது என்று பார்க்க வேண்டும். விற்பனை மேலாளர் இவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“வெயில் சோதனைக்கு எத்தனை நாள் போட்டிருக்கீங்க?”

“நாப்பது.”

“நாப்பதா! துணி காயப்போடக்கூட ஒரு நாள்தான் சார் ஆகுது. எட்டு.”

“சார், இது கடை இல்ல.”

“சரி, பத்து. உங்க முகத்துக்காக.”

“முப்பத்தஞ்சுக்குக் கீழ இறங்க முடியாது சார்.”

விற்பனை மேலாளர் லேசாகச் சிரித்தார். பேரம் தெரிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு புரியும். எதிராளி முதல் படி இறங்கிவிட்டான். நாற்பதிலிருந்து முப்பத்தைந்துக்கு வந்தவன் எங்கே வேண்டுமானாலும் வருவான். இனி அவனை இறக்குவது நேரத்தைப் பொறுத்த விஷயம்.

“பன்னண்டு” என்றார் மேலாளர்.

“முப்பது.”

“பதினஞ்சு. இதுக்கு மேல கேட்டா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்.” எழுந்தும் விட்டார். அது அவருடைய அறை. போவதற்கு வேறு இடம் கிடையாது. இருந்தாலும் எழுந்தார்.

பதினெட்டில் படிந்தது.

மறுபடி சார் வெளியே வந்து படிக்கட்டில் நின்றார். பல்லைக் கடித்தார். இருபத்திரண்டு நாட்களைக் கைவிட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. வெயிலோடு யாராவது பேரம் பேச முடியுமா? பிளாஸ்டிக்கிடம் போய், உனக்குப் பதினெட்டு நாள்தான், அதற்குள் இளகினால் இளகு, இல்லாவிட்டால் வாயை மூடு என்று சொல்ல முடியுமா? இருந்தாலும் பேசியாகிவிட்டது. தானே பேசினோம் என்பதுதான் இன்னும் எரிந்தது.

சோதனைத் திடல் முழுக்கச் சிமெண்ட் தரை. நடுவில் மூன்றாம் எண் வண்டி. வெளியாட்கள் படம் எடுத்துவிடக் கூடாதென்று அதன் மேல் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தாளை ஒட்டியிருந்தார்கள். முகத்தை மூடிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். உள்ளிருந்து கற்றையாக ஒயர்கள் வந்து, முப்பது அடி தள்ளி இருந்த தகரக் கொட்டகைக்குள் போயின. அங்கே ஒரு திரை. எந்த இருக்கையில் எத்தனை டிகிரி, எந்த இருக்கையில் எத்தனை கிலோ, எந்தக் கதவுக் கைப்பிடி எத்தனை தடவை இழுக்கப்பட்டது, எல்லாம் அதில் ஓடும்.

அந்த ஒயர்களையெல்லாம் இழுத்துக் கட்டியவர் ஓர் அம்மாள். இடுப்பில் எப்போதும் கட்டிங் பிளேயர் தொங்கும். எல்லோருக்கும் அவர் ஒயரிங் அக்கா.

“கைப்பிடி எண்ணுற கணக்கு சோதனைக்கு மட்டும்தான் சார். விக்கிற வண்டியில இதை எடுத்துடணும்” என்றார் அக்கா. “எடுக்க மாட்டாங்க. அவசரத்துல மறந்துடுவாங்க, பாருங்க.”

சோதனைக்கு ஒரே ஒரு சட்டம். காலை 10 மணிக்குக் கதவைச் சாத்தினால் மாலை 4 மணி வரை திறக்கக் கூடாது. திறந்தால் உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்விடும். அன்றைய நாள் செல்லாது. அதற்காக நாலு கதவிலும் சிவப்பு அட்டை தொங்கும். ‘திறக்காதே.’

திடலில் எல்லோரும் மஞ்சள் ஹெல்மெட் போட்டிருக்க வேண்டும். அந்த வெயிலில் பேனா மை கசியும். அதனால் மறுபடி சார் பென்சில்தான் வைத்திருப்பார். நூலில் கட்டி நோட்டோடு தொங்கவிட்டிருப்பார்.

பத்து நாள் ஒன்றும் இல்லை.

பதினோராம் நாள். மதியம் 2.10.

டிங்... டிங்... டிங்...

இருக்கை பெல்ட் போடாவிட்டால் வண்டி அடிக்கிற மணி. திரையில் பின் இடது இருக்கை சிவப்பாக மின்னியது.

அவர் முதலில் கவனிக்கவில்லை. மாதிரி வண்டிகள் எதற்கெடுத்தாலும் மணியடிக்கும். பிறகுதான் உறைத்தது. சாவி போட்டால்தானே இந்த மணி அடிக்கும்?

சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

மணி நின்றது. நேரம் 2.34.

“வெயில்ல சென்சாருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கும் சார்” என்றார் ஒயரிங் அக்கா. “எனக்கே பிடிக்குது. அதுக்குப் பிடிக்காதா?”

அந்தத் தொழிலில் அது ஒரு வழக்கம். மாதிரி வண்டியில் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் சென்சாரைத் திட்டுவார்கள். அடுத்து, பக்கத்து மாதிரி வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி இதில் மாட்டுவார்கள். கோளாறு போய்விட்டால் காரணம் யாரும் கேட்பதில்லை. அன்று மாலையும் இரண்டாம் எண் வண்டியின் சென்சாரைக் கழற்றி இதில் மாட்டினார்கள்.

பன்னிரண்டாம் நாள். 2.10.

டிங்... டிங்... டிங்...

திரையில் பின் இடது இருக்கை: 18.4 கிலோ.

“இது புது சென்சார்தானே அக்கா?”

“நேத்து நான்தானே மாட்டினேன்.” அக்கா திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். எண் மாறிக்கொண்டிருந்தது. 18.4... 17.9... 18.6... 18.4.

அக்கா திரையை விரலால் தட்டிப் பார்த்தார்.

“சார், சென்சார் கெட்டுப்போனா ஒரே எண்ணுல செத்த மாதிரி நிக்கும். இல்லேன்னா நூறு, இருநூறுன்னு தாவும். மணல் மூட்டை வச்சா ஆடாம இருக்கும்.”

“இது?”

“இது நெளியுது சார்.”

இரண்டு பேரும் காரைப் பார்த்தார்கள். வெயிலில் சிமெண்ட் தரை அலையலையாகத் தெரிந்தது. காருக்குள் யாரும் இல்லை. யாரும் இருக்க முடியாது. காலையில் கதவைச் சாத்தியது அவர்தான். மூன்று தடவை சாத்தினார்.

2.34க்கு எண் பூஜ்யமானது.

பதின்மூன்றாம் நாள். 2.10க்கு மணி. 2.11க்குத் திரையில் வேறொரு கட்டம் உயிர் பெற்றது. பின் இடது கதவு, உட்புறக் கைப்பிடி.

1.

டக்.

சத்தம் திரையிலிருந்து வரவில்லை. காரிலிருந்து வந்தது. முப்பது அடி தூரத்திலிருந்து.

டக்... டக்...

2. 3.

அவர் ஓடினார். சிவப்பு அட்டையை ஒதுக்கிவிட்டுக் கதவைத் திறந்தார். நேரம் 2.13. உள்ளேயிருந்து அடுப்பு வாயைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது. உள்ளே யாரும் இல்லை. மணி நின்றிருந்தது.

முன் இருக்கையைத் தொட்டார். கை சுட்டது. பின் வலது இருக்கையைத் தொட்டார். சுட்டது. பின் இடது இருக்கையில் கை வைத்தார்.

சுடவில்லை.

பஸ்ஸில் ஒருவர் எழுந்த இடத்தில் நாம் உட்கார்ந்தால் இருக்குமே, ஒரு வெதுவெதுப்பு. அது இருந்தது.

அன்று சாயங்காலம் விற்பனை மேலாளர் திடலுக்கே வந்துவிட்டார்.

“யாரைக் கேட்டுத் திறந்தீங்க? ஒரு நாள் போச்சு! பதினெட்டு இப்ப பதினேழு!”

“உள்ள யாரோ கைப்பிடியை இழுக்கிற மாதிரி இருந்தது சார்.”

“யாரு இருந்தா?”

“யாரும் இல்ல.”

“யாரும் இல்லாததுக்கா ஒரு நாளைத் தொலைச்சீங்க? நாப்பது நாள் வேணும்னு கேட்ட மனுஷன், கையில இருக்கிற நாளைத் தூக்கி வெயில்ல வீசறீங்களே சார்!” மேலாளர் புதிதாக ஒரு சிவப்பு அட்டையை எடுத்து, தன் கையாலேயே பின் இடது கதவில் கட்டினார். இரட்டை முடிச்சு. “இன்னொரு தடவை இந்தக் கதவு நாலு மணிக்கு முன்னால திறந்துச்சுன்னா, நாளைக்கே வேற ஆளு வந்து கையெழுத்துப் போடுவாரு. சந்தோஷமாப் போடுவாரு.”

மறுபடி சாருக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் மேலாளர் சொன்னதில் ஒன்று உண்மை. இவர் போய் இன்னொருவர் வந்தால் அந்தப் பதினேழும் இருக்காது. வந்த அன்றே கையெழுத்து விழும். அவர் வாயை மூடிக்கொண்டார். நாளைக்கு என்ன ஆனாலும் கதவைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார். பார்ப்பது, எழுதுவது. அவ்வளவுதான். எழுதியதைக் காட்டினால் நம்பித்தானே ஆக வேண்டும்?

பதினான்காம் நாள்.

ஒயரிங் அக்கா சாப்பிடப் போயிருந்தார். கொட்டகையில் மறுபடி சார் மட்டும். மின்விசிறி கடகடவென்று சுற்றியது. நோட்டைத் திறந்து வைத்திருந்தார்.

2.10. மணி. 18.4 கிலோ.

பின் இடது இருக்கையின் வெப்பம் 58 டிகிரி என்று காட்டிக்கொண்டிருந்தது. மற்ற இருக்கைகளும் 58தான். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஒரே ஒரு எண் மாறியது.

37.

மற்றவை அப்படியே இருந்தன. 58. 58. 58. நடுவில் 37.

அந்த எண்ணை அவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். காய்ச்சல் இல்லாத உடம்பின் சூடு.

அவர் எழுதினார். ஏழு மட்டும் கோணலாக விழுந்திருக்கிறது.

2.12. கைப்பிடி: 1... 2... 3... 4...

டக். டக். டக். டக்.

2.16. வெப்பம் 37.8. கைப்பிடி 19.

நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஹெல்மெட்டைச் சரி செய்தார். காரை நோக்கி நடந்தார். ஓடவில்லை. நடக்க நடக்கச் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

2.20. கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளே இருக்கை. காலி.

குனிந்து பார்த்தார். கண்ணாடியின் கீழ் மூலையில், அவர் இடுப்பு உயரத்தில், உட்பக்கம் கொஞ்சம் ஆவி படிந்திருந்தது. மூச்சு விட்டால் படியுமே, அந்த மாதிரி. அந்தச் சூட்டில் கண்ணாடியில் ஆவி படியாது. அது அவருக்குத் தெரியும்.

ஆவி மறைந்தது.

படிந்தது.

மறைந்தது.

படிந்தது.

பிறகு வேறு சத்தம். கைப்பிடி இல்லை. கண்ணாடி.

தட்... தட்... தட்...

அவர் முகத்துக்கு நேராக.

அவர் கை தானாகக் கதவுக்குப் போனது. விரல்கள் வெளிக் கைப்பிடியைப் பிடித்துவிட்டன. சிவப்பு அட்டை மணிக்கட்டில் உரசியது.

திறக்காதே.

இன்னொரு நாள் போகும். கையெழுத்து வேறு ஆளுக்குப் போகும். உள்ளே யாரும் இல்லை... நேற்றும் யாரும் இல்லை...

கையை எடுத்தார்.

நோட்டில் எழுதினார். ‘2.24. கண்ணாடியில் தட்டும் சத்தம்.’

நிமிர்ந்து பார்த்தார். காலி இருக்கை. ஆனால் அங்கேயிருந்து யாரோ தன்னையே பார்க்கிற மாதிரி இருந்தது.

மறுபடியும் குனிந்து எழுதினார்.

2.28. சத்தம் மெதுவானது. டக்... ... டக்...

2.31. டக்...

... ...

2.33. ஆவி சின்னதாகப் படிந்தது. மறையவே நேரம் ஆனது.

2.34.

சிலீர்!

கண்ணாடி நொறுங்குகிற சத்தம். காதுக்குள்ளேயே நொறுங்கிய மாதிரி. அவர் பின்னால் சாய்ந்து சிமெண்ட் தரையில் விழுந்தார். உள்ளங்கை வெந்தது.

எழுந்து பார்த்தார். காரைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு கண்ணாடியையும் தடவிப் பார்த்தார்.

எல்லாம் முழுசாக இருந்தன.

கொட்டகைக்கு வந்தார். எடை பூஜ்யம். வெப்பம் 58. கடைசியாகக் காட்டிய வெப்பம் திரையில் பதிவாகியிருந்தது: 39.7. கைப்பிடி எண்ணிக்கை நின்றுபோயிருந்தது.

63.

எழுதிக் கீழே கோடு போட்டார்.

அதன் பிறகு நான்கு நாளும் 2.10க்கு எதுவும் வரவில்லை. ஒரு டிங்கூட இல்லை. வரவேண்டியது வந்து போய்விட்டது என்பது போல.

ஆனால் ஒன்று இருந்தது. அந்தப் பதினான்காம் நாள் 4 மணிக்குக் கதவைத் திறந்ததும் அவர் உள்ளே உட்கார்ந்து கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். கதவு திறந்தது. மறுபடி இழுத்தார். திறந்தது. பத்து தடவையும் திறந்தது. ஆனால் கைப்பிடி கொஞ்சம் தொளதொளவென்று வந்தது. கைப்பிடியையும் பூட்டையும் சேர்ப்பது விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி. அது லேசாக இளகியிருந்தது. பதினான்கு நாளில் இவ்வளவு என்றால் நாற்பது நாளில்?

பதினெட்டாம் நாள் மாலை விற்பனை மேலாளர் காகிதத்தோடு வந்தார். இவர் நோட்டோடு நின்றார்.

“இன்னும் இருபத்திரண்டு நாள் வேணும் சார். பின் கதவுக் கைப்பிடி இளகுது.”

“உடைஞ்சுதா?”

“உடையல. உடையும்.”

“எப்ப?”

“அதைப் பாக்கத்தான் நாள் கேக்கறேன்.”

“ரெண்டு நாள் தரேன்.”

“சார்...”

“மூணு. இதுக்கு மேல வாயைத் திறக்காதீங்க.” மேலாளர் அவர் தோளில் கை போட்டார். குரல் இனித்தது. “கைப்பிடிதானே லூசு? ரெண்டாம் வண்டியில நல்லது இருக்குல்ல, கழட்டி இதுல போடுங்க. கடைசிப் பரிசோதனையில கதவு திறந்தா போதும். எத்தனை தடவை செஞ்சிருக்கீங்க இதை!”

செய்திருக்கிறார்கள். எல்லோரும் செய்வதுதான். வெயில் படாத கைப்பிடியை மாட்டினார்கள். கதவு ஜம்மென்று திறந்தது. இளகிய கைப்பிடி உடைசல் பெட்டிக்குள் போனது.

“அந்த நோட்டுல வேற என்ன எழுதி வச்சிருக்கீங்க?” என்று மேலாளர் வாங்கிப் பார்த்தார். ஒரு பக்கம் படித்தார். இவர் முகத்தைப் பார்த்தார். “இதையா அறிக்கையில போடப் போறீங்க? ‘கண்ணாடியில் தட்டும் சத்தம்’? எந்தக் கட்டத்துல எழுதுவீங்க சார், அதுக்கு ஒரு கட்டம் இருக்கா?”

ஒயரிங் அக்கா தரையைப் பார்த்தபடி நின்றார். மறுபடி சார் அறிக்கையைப் புரட்டினார். டயருக்குக் கட்டம் இருந்தது. விளக்குக்கு இருந்தது. கண்ணாடி துடைக்கிற துடைப்பானுக்கு மூன்று கட்டம் இருந்தன. இதற்கு இல்லை.

பதினெட்டு நாள் பேசிப் பேசி அலுத்துப்போயிருந்தார். வெயில் ஒரு பக்கம், இந்த மனிதர் ஒரு பக்கம். குறிப்புகள் என்ற இடத்தில் தன் கையாலேயே எழுதினார். ‘பின் இடது இருக்கை: சென்சார் கோளாறு. புறக்கணிக்கலாம்.’

கீழே கையெழுத்துப் போட்டார்.

கார் விற்பனைக்கு வந்தது. நன்றாகவே விற்றது.

பதினான்கு மாதம் கழித்து ஒருநாள் அவருக்கு அழைப்பு வந்தது. ஒரு வீட்டில் விபத்து. அதே ரகக் கார். விசாரணை அதிகாரி ஓர் அம்மாள். சுருக்கமாகப் பேசுகிறவர். அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் நேரில் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார். அந்த வீட்டுக்குப் போகிற வழியில், வண்டியில் வைத்தே, அதிகாரி தாள்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

“நாலரை வயசுப் பெண் குழந்தை. அப்பா வாசல்ல வண்டியை நிறுத்திட்டு, பூட்டாம உள்ள போயிருக்கார். பொம்மை எடுக்கிறேன்னு குழந்தை பின்னால ஏறியிருக்கு. கதவைச் சாத்திக்கிச்சு. உள்ளேயிருந்து திறக்க முடியல. உங்க கைப்பிடியில ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருக்கு. இருபத்தஞ்சு நாள் நல்ல வெயில் பட்டா முழுசா இளகிக் கழண்டுடுதுன்னு இப்பதான் கண்டுபிடிச்சிருக்காங்க.”

அவர் கை மடியிலிருந்த பைக்குப் போனது.

“குழந்தை பிழைச்சுக்கிச்சு. அப்பா செங்கல்லால கண்ணாடியை உடைச்சு எடுத்திருக்கார்.”

“எத்தனை மணிக்கு?”

“2.34.”

அவர் பையிலிருந்து பழைய நோட்டை வெளியே எடுத்தார்.

“இன்னொண்ணு” என்றார் அதிகாரி. “கைப்பிடி எண்ணுறதுக்கு எதையோ உள்ள வச்சுட்டு எடுக்க மறந்துட்டீங்க போல. அதுல பதிவாகியிருக்கு. குழந்தை அறுபத்துமூணு தடவை இழுத்திருக்கு.”

நோட்டில், கோடு போட்ட எண்ணின் மேல், அவர் விரல் நின்றது.

“ஆஸ்பத்திரியில... எடை ஏதாவது எழுதியிருக்காங்களா?”

அதிகாரி அவரை ஒரு மாதிரி பார்த்தார். தாளைப் புரட்டினார்.

“பதினெட்டு புள்ளி நாலு. ஏன்?”

அந்த வீடு வந்தது. வாசலில் கார் நின்றது. பின் இடது கண்ணாடி இருந்த இடத்தில் அட்டை ஒட்டியிருந்தார்கள். வண்டியைச் சோதிக்கும்போது ஹெல்மெட் போட வேண்டும் என்பது கம்பெனி விதி. போட்டுக்கொண்டார். மஞ்சள் ஹெல்மெட். நோட்டைத் திறந்தார். பென்சிலை எடுத்தார்.

வீட்டு வாசலில் அம்மா குழந்தையை இழுத்துப் பிடித்தபடி நின்றார். குழந்தை இவரைப் பார்த்தது. பார்த்ததும் அம்மாவின் பின்னால் ஒளிந்தது.

“அம்மா, அந்த மாமா.”

“எந்த மாமாடா கண்ணு?”

“அன்னிக்கு வந்தாருல்ல... நான் வண்டிக்குள்ள இருந்தப்போ...”

“இல்லடா. இவரு இன்னிக்குத்தான் முதல் தடவை வர்றாரு. அன்னிக்கு அப்பாதான் வந்தாரு.”

“அப்பா அப்புறம் வந்தாரு. இந்த மாமாதான் முதல்ல வந்தாரு.” குழந்தை இடது உள்ளங்கையை விரித்தது. வலது விரலால் அதில் எழுதிக் காட்டியது. “வெளிய நின்னு இப்படி எழுதிட்டே இருந்தாரு. நான் தட்டினேன். குனிஞ்சு என்னையே பாத்தாரு. கதவுல கை வச்சாரு. அப்புறம் எடுத்துட்டாரு.”

அதிகாரி மெல்லத் திரும்பி இவரைப் பார்த்தார்.

குழந்தை அம்மாவின் பின்னாலிருந்து ஓர் அடி முன்னால் வந்தது. கோபமாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டது.

“ஏன் மாமா திறக்கல?”

அவர் கையில் அப்போதும் பென்சில் இருந்தது.